வடசென்னைத் தொடக்கப் பள்ளிகளில் விளையாட்டு வகுப்பு: ஊராரும் பள்ளியும் சேர்ந்து நடத்துவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவொற்றியூரிலிருந்து வியாசர்பாடி வரை உள்ள பள்ளிகளில் 1 முதல் 5 ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு விளையாட்டு வகுப்பு நடத்த வெளியிலிருந்து உதவ விரும்புபவர்களும், அந்த உதவியைப் பெறும் ஆசிரியர்களும், பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. எழுதுபவர் ஒரு பள்ளி மேலாண்மைக் குழுவில் சில ஆண்டுகள் பெற்றோர் உறுப்பினராக இருந்தவர். ஆகவே விதிகளோடு அனுபவமும், சில இடங்களில் சொந்தக் கருத்தும் கலந்தே வரும்.

தொடக்கப் பள்ளியில் பி.டி. ஆசிரியர் ஏன் இல்லை?

குழந்தைகளுக்கான இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் (2009) அட்டவணையைப் புரட்டினால் விடை அங்கேயே இருக்கிறது. 6 முதல் 8 ஆம் வகுப்பு வரை உள்ள பள்ளியில் நூறு பிள்ளைகளுக்கு மேல் சேர்ந்திருந்தால், உடல்நலக் கல்விக்கும் உடற்கல்விக்கும் பகுதிநேரப் பயிற்றுநர் ஒருவர் வேண்டும் என்று அது சொல்கிறது. 1 முதல் 5 ஆம் வகுப்பு வரை உள்ள பள்ளிக்கு அப்படியொரு இடம் வகுக்கப்படவில்லை. பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ற ஆசிரியர்கள் இருந்தால் போதும். ஆனால் அதே அட்டவணை எல்லாப் பள்ளிக்கும் விளையாட்டுத் திடல் வேண்டும் என்றும், ஒவ்வொரு வகுப்புக்கும் தேவையான விளையாட்டுப் பொருட்கள் தரப்பட வேண்டும் என்றும் கூறுகிறது. திடலும் பந்தும் இருக்க வேண்டும், நடத்துவதற்கென்று தனியாக ஆள் வேண்டியதில்லை என்பதே சட்டத்தின் கணக்கு.

அந்தச் சுமை வகுப்பாசிரியரின் தலையில் விழுகிறது. அவர்கள் பெரும்பாலும் பெண்கள். முப்பது நாற்பது பிள்ளைகளுக்கு ஐந்து பாடங்களை நடத்தி, வருகைப் பதிவையும் செயலிப் பதிவுகளையும் முடித்துவிட்டு, திடலில் நின்று விசிலும் ஊத வேண்டியவர்கள். பாடம் பின்தங்கிய வாரத்தில் முதலில் பறிபோவது பி.டி. பீரியடுதான். கணக்குப் பாடம் அதைக் கடன் வாங்கும். திருப்பிக் கொடுத்ததாக இதுவரை யாரும் கேள்விப்பட்டதில்லை. ஊராரின் துணை தேவைப்படுவது இந்த இடத்தில்தான்.

எங்கள் பகுதிப் பிள்ளைகள் தெருவிலேயே நாள் முழுவதும் ஆடுகிறார்களே, பள்ளியில் தனியாக எதற்கு?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் தங்கள் சொந்தப் பிள்ளைப் பருவத்தை நினைத்துக்கொண்டு கேட்கிறார்கள். இன்று அதே சந்தில் இரு பக்கமும் பைக்குகள் நிற்கின்றன. பெருந்தெருவுக்கு வந்தால் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டியிருக்கின்றன. வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகளில் நடுவே விடப்பட்டிருந்த வெற்றிடங்கள் வாகன நிறுத்தமாகவோ தண்ணீர்த் தொட்டியாகவோ மாறிவிட்டன. தெருவில் இன்னும் விளையாடும் பிள்ளைகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் யார் அவர்கள் என்று ஒரு மாலை நின்று எண்ணிப் பாருங்கள்: பத்து வயதுக்கு மேற்பட்ட பையன்கள். நான்காம் வகுப்புக்கு வந்த பெண் பிள்ளை தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பாள். கொஞ்சம் பருமனான பையனையும், திக்கிப் பேசும் பையனையும், கால் ஊனமுற்ற பிள்ளையையும் தெரு அணிகள் சேர்த்துக்கொள்வதில்லை. பள்ளியின் விளையாட்டு வகுப்பு ஒன்றுதான் யாரையும் விலக்க முடியாத விளையாட்டு.

இன்னொரு காரணமும் உண்டு. ஓடுதல், தாண்டுதல், ஒற்றைக் காலில் நிற்றல், எறிதல், பிடித்தல், உதைத்தல் போன்ற அடிப்படை அசைவுகள் வயது ஏறினால் தாமாக வந்துவிடும் என்று நினைக்கிறோம். பார்த்தும் செய்தும் திருத்திக்கொண்டும்தான் அவை கைவருகின்றன; அதற்குரிய வயது தொடக்கப் பள்ளி வயதுதான். பந்தைப் பிடிக்கத் தெரியாமல் ஆறாம் வகுப்புக்குப் போகும் பிள்ளை எந்த ஆட்டத்திலும் சேர வெட்கப்பட்டு ஒதுங்கிவிடுகிறது. அந்த ஒதுக்கம் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நீடிக்கிறது.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் வேண்டும்?

5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடலை இயக்க வேண்டும் என்றும், தசைக்கும் எலும்புக்கும் வலுவூட்டும் செயல்கள் வாரத்தில் மூன்று நாளாவது அதில் இருக்க வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் 2020 ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது. வாரத்துக்கு ஓரிரு பி.டி. பீரியடால் இது நிறைவேறாது. நடந்து பள்ளிக்கு வருவது, இடைவேளை, மாலை விளையாட்டு எல்லாம் சேர்ந்துதான் அந்த ஒரு மணி நேரம் தேறும்.

கேரம் இதில் சேருமா என்று கேட்பவர்கள் நம் பகுதியில் நிறையப் பேர். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் புதுவண்ணாரப்பேட்டையின் காசிமா மூன்று தங்கம் வென்றபின் அந்தக் கேள்வி இன்னும் கூடியிருக்கிறது. கேரம் நம் பெருமை. மழை நாளில் வகுப்பறைக்கு மிகப் பொருத்தமான ஆட்டம். கை, கண், கணக்கு மூன்றையும் கூராக்குவது. ஆனால் மேற்சொன்ன 60 நிமிடத்தில் அதை எழுதிக்கொள்ள முடியாது.

யாரையெல்லாம் கூட்டாளிகளாக அழைக்கலாம்?

முதலில் பள்ளியிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருப்பவர்களைப் பாருங்கள். வியாசர்பாடியிலும் அதைச் சுற்றியும் தெருவுக்கொரு கால்பந்து அணி உண்டு. அங்கே பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் பயிற்சி தரும் மூத்த ஆட்டக்காரர்கள் பல ஆண்டுகளாக இருக்கிறார்கள். ராயபுரம், காசிமேடு பக்கம் குத்துச்சண்டைக் கூடங்களும் கேரம் மன்றங்களும் இருக்கின்றன. துறைமுகத்திலும் ரயில்வேயிலும் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குச் சேர்ந்து ஓய்வு பெற்றவர்கள் நம் தெருக்களிலேயே குடியிருக்கிறார்கள். காலையில் டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் அந்தப் பெரியவர்களைப் பள்ளிகள் கண்டுகொள்வதே இல்லை. பகல் நேரத்தில் கைவசம் நேரமும், பிள்ளைகளிடம் பொறுமையும் உள்ளவர்கள் அவர்கள்தான்.

அடுத்தது கல்லூரிகள். நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேரும் மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரமாக இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். பழைய வண்ணாரப்பேட்டை தியாகராயா கல்லூரி, வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி, பிராட்வே பாரதி மகளிர் கல்லூரி ஆகியவை நமக்கு அருகில் இருப்பவை. மரம் நடுவதற்கும் பேரணி போவதற்கும் செலவாகும் அந்த மணி நேரங்களில் ஒரு பகுதியைத் திடலுக்குத் திருப்பித் தருமாறு திட்ட அலுவலரிடம் தலைமையாசிரியர் கடிதம் கொடுத்துக் கேட்கலாம். பெண் பிள்ளைகளுக்கு ஒரு கல்லூரி அக்கா வந்து ஓடிக் காட்டுவதைப் போன்ற ஊக்கம் வேறில்லை. உடற்கல்விப் பட்டம் படிப்பவர்களுக்குக் கற்பித்தல் பயிற்சி பாடத்திட்டத்திலேயே உண்டு. 1920 இல் ஹாரி குரோ பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி நந்தனத்தில்தான் இருக்கிறது. பயிற்சி மாணவர்கள் வடசென்னைக்கும் வர வேண்டும் என்று கேட்பதில் தவறேதுமில்லை.

தாய்மார்களை இந்தப் பட்டியலின் கடைசியில் வைப்பது வழக்கம். எங்கள் பள்ளியில் வாராவாரம் தவறாமல் வந்தவர்கள் அவர்கள்தான்.

தொழிற்சாலைகளிடம் பணம் கேட்கலாமா?

கேட்கலாம். மணலியும் எண்ணூரும் நம் பகுதிகள். அவற்றின் புகையை நாம் சுவாசிக்கிறோம் என்பதால் கேட்பதற்கு நமக்குக் கூடுதல் உரிமையும் இருக்கிறது. 2013 ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் பிரிவு 135 இன்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் சொத்தோ வணிகமோ இலாபமோ உள்ள நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். கல்வியும் விளையாட்டுப் பயிற்சியும் அந்தப் பட்டியலில் உள்ளன. அரசுப் பள்ளிகளுக்கு நிறுவனங்களும் முன்னாள் மாணவர்களும் நன்கொடை தருவதற்காக 2022 டிசம்பரில் தொடங்கப்பட்ட ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்தின் வழியாகவும் கேட்கலாம்.

ஆனால் என்ன கேட்க வேண்டும் என்பதை நாமே முடிவு செய்துகொண்டு போக வேண்டும். ஒருமுறை ஒரு நிறுவனம் எங்கள் பள்ளிக்குப் பத்துக் கால்பந்துகளைக் கொடுத்து, பெயர்ப் பலகையோடு படம் எடுத்துக்கொண்டு போனது. பத்தும் 5 ஆம் எண் பந்துகள், அதாவது பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்கள் ஆடுபவை. எட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு 3 ஆம் எண்ணும், 8 முதல் 12 வரை 4 ஆம் எண்ணும்தான் பொருந்தும். இரண்டாம் வகுப்புப் பிள்ளை அந்தப் பந்தை உதைத்துவிட்டுக் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது. காற்றடிக்கும் பம்பும் தரப்படவில்லை. இரண்டு மாதத்தில் பத்துப் பந்தும் சப்பையாகி பீரோவுக்குள் போயின. அந்தப் பணத்துக்குச் சிறிய ரப்பர் பந்துகளும், முப்பது கயிறுகளும், ஒரு பயிற்றுநருக்கு ஓராண்டுப் போக்குவரத்துப் படியும் வாங்கியிருக்கலாம். கொடுப்பவர்கள் பொருளைக் கொடுக்கவே விரும்புகிறார்கள், ஏனென்றால் பொருளைப் படம் எடுக்க முடியும். செவ்வாய்க்கிழமைதோறும் ஓராண்டு தவறாமல் வந்துபோகும் ஒரு மனிதரை நமக்கு வாங்கித் தாருங்கள் என்று கேட்பதற்குக் கொஞ்சம் பிடிவாதம் வேண்டும்.

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் விதிப்படி அரசுத் தொடக்கப் பள்ளிக்கு விளையாட்டுக்கென ஆண்டுக்கு 5,000 ரூபாய் உண்டு. அது வந்ததா, எதற்குச் செலவானது என்று மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேட்டுக்கொண்டு, மீதித் தேவைக்கு மட்டும் வெளியே போவது முறை.

யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

தலைமையாசிரியரிடம் தொடங்குங்கள், அவரைத் தாண்டிக்கொண்டு கவுன்சிலரிடமோ கட்சிக்காரரிடமோ போய்த் தொடங்கிய எந்த முயற்சியும் அடுத்த ஜூன் வரை நீடித்து நான் பார்த்ததில்லை. பிறகு பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட வேண்டும். சட்டப்படி இந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலர். உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். தீர்மானத்தில் யார் வருகிறார், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்த வகுப்புகளுக்கு, எவ்வளவு காலம், எந்த ஆசிரியர் உடனிருப்பார் என்பவை இருக்க வேண்டும். அதன் படியை மாநகராட்சிப் பள்ளியானால் மாநகராட்சிக் கல்வித் துறைக்கும், அரசுப் பள்ளியானால் வட்டாரக் கல்வி அலுவலருக்கும், உதவி பெறும் பள்ளியானால் அதன் நிர்வாகத்துக்கும் அனுப்பி எழுத்து மூலம் ஒப்புதல் பெற வேண்டும். வாய்மொழி அனுமதி, தலைமையாசிரியர் மாறுதலாகும் நாளோடு முடிந்துவிடும்.

வெளியாட்கள் பிள்ளைகளோடு பழகுவது பாதுகாப்பானதா?

இதைக் கேட்கத் தயங்கும் பெற்றோரும், கேட்டால் மனம் புண்படும் பயிற்றுநர்களும் உண்டு. இரு சாராரும் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும்: விதிகள் எல்லோருக்கும் பொது என்று முதல் நாளே சொல்லிவிட்டால் யாரும் யாரையும் சந்தேகிப்பதாக ஆகாது. வருபவர் எவரானாலும், பள்ளியின் முன்னாள் மாணவரே ஆனாலும், காவல்துறையின் நன்னடத்தைச் சான்று பெற்றிருக்க வேண்டும். அடையாள அட்டையின் நகல் பள்ளியில் இருக்க வேண்டும். வகுப்பாசிரியர் பார்வையில் படும்படியே வகுப்பு நடக்க வேண்டும். எந்தப் பிள்ளையோடும் வெளியாள் தனியாக இருக்கக் கூடாது. கழிப்பறைக்கோ உடை மாற்றவோ அழைத்துப் போகக் கூடாது. அசைவைத் திருத்தத் தொட வேண்டியிருந்தால், முதலில் தானே செய்துகாட்டி, பிறகு பிள்ளையிடம் கேட்டுவிட்டு, எல்லோர் முன்னிலையிலும் தோள், கை, முழங்கால் அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். படம் எடுத்து வாட்ஸ்அப் நிலைத்தகவலில் போடுவதற்குப் பள்ளியின் ஒப்புதலும் பெற்றோரின் ஒப்புதலும் வேண்டும்.

போக்சோ சட்டம் (2012) பிரிவு 19 இன்படி, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்தது என்று தெரிந்தவரும், நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று மறைப்பதும் தண்டனைக்குரியது. குழந்தைகள் உதவி எண் 1098. பள்ளிக் கல்வி உதவி எண் 14417. இரண்டையும் பிள்ளைகள் படிக்கும் உயரத்தில் சுவரில் எழுதி வையுங்கள்.

அடிப்பது பற்றியும் சொல்ல வேண்டும். உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 17 தடை செய்கிறது. தாமதமாக வந்ததற்குத் திடலைச் சுற்றி ஐந்து சுற்று ஓடவிடுவதும், தோப்புக்கரணம் போடவைப்பதும் அந்தத் தடைக்குள் வருபவையே. பழைய தலைமுறைப் பயிற்றுநர்கள் பலருக்கு இது பழக்கமாகவே ஊறிப்போயிருக்கிறது. ஓட்டத்தைத் தண்டனையாகப் பெற்ற பிள்ளை அதை எப்படி ஆசையோடு கற்கும்?

எங்கள் பள்ளியில் திடலே இல்லை, என்ன செய்வது?

வடசென்னையின் பழைய பள்ளிகள் பலவற்றில் இதுதான் நிலைமை: மூன்று பக்கம் வகுப்பறைகள், நடுவில் சிமெண்ட் போட்ட முற்றம், ஒரு வேப்பமரம், ஒரு கைப்பம்பு. இந்த முற்றம் போதும். கால்பந்துத் திடல் இல்லை என்று வருந்துவதை நிறுத்திவிட்டு, எட்டு வயதுப் பிள்ளைக்கு என்ன தேவை என்று பார்த்தால், சுண்ணாம்புக் கோடும் சுவரும் படிக்கட்டும் பெரிய வசதிகள். பாண்டிக் கட்டம் ஒற்றைக்கால் சமநிலையைக் கற்பிக்கிறது. அதற்கு ஆறடி நீளம் போதும். சுவரில் மூன்று வட்டங்களை வரைந்தால் எறிவதற்கு இலக்கு. நேர்க்கோடு ஒன்று இருந்தால் அதன்மேல் தலையில் புத்தகத்தோடு நடக்கலாம். தாய்மார்கள் பழைய துணியில் தைத்து உள்ளே புளியங்கொட்டை போட்ட சிறு பைகள் பந்தைவிட நல்லவை. உருண்டு சாக்கடைக்குள் போகாது, பிடிக்கத் தெரியாத பிள்ளையின் முகத்தில் பட்டாலும் வலிக்காது. பழைய டயர்களைக் கேட்டால் மெக்கானிக் கடைகளில் இலவசமாகவே தருவார்கள். ஆனால் அவற்றில் மழைநீர் நின்றால் டெங்குக் கொசு பெருகும். அடியில் துளையிட்டுத்தான் வைக்க வேண்டும், மழைக்காலத்தில் உள்ளே எடுத்துவிட வேண்டும். சிமெண்ட் தரையில் தாண்டிக் குதிக்கும் ஆட்டங்களைக் குறைத்துக்கொள்ளுங்கள். கிட்டிப்புள்ளைச் சின்ன முற்றத்தில் நடத்தவே வேண்டாம், கண் போகும்.

மொட்டை மாடியைப் பயன்படுத்தலாமா என்பதற்கு ஒரே விடை, கூடாது.

அருகில் மாநகராட்சிப் பூங்காவோ திடலோ இருந்தால், காலை நடையர்கள் போனபின் பகலில் அது வெறிச்சோடிக் கிடக்கும். அந்த நேரத்தைப் பள்ளிக்கு ஒதுக்கித் தரும்படி மண்டல அலுவலகத்தில் கேட்கலாம். பொதுத் திடல்கள் பொதுவாகவே இருக்க வேண்டும் என்பதில் நம் பகுதி விழிப்பாக இருக்க வேண்டியிருக்கிறது. 2024 அக்டோபரில் மாநகராட்சியின் சில கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டு ஆடுபவர்களிடம் கட்டணம் வாங்கும் தீர்மானம் வந்து, எதிர்ப்புக்குப் பின் கைவிடப்பட்டது நினைவிருக்கும். சாலையைக் கடக்க வேண்டியிருந்தால் பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவர் வேண்டும். லாரி ஓடும் நெடுஞ்சாலை குறுக்கிட்டால் அந்தத் திடலை மறந்துவிட்டு முற்றத்துக்கே திரும்பிவிடுவது நல்லது.

ஒரு வகுப்பு எப்படி நடக்க வேண்டும்?

நாற்பது நிமிடம், முப்பத்தாறு பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஐந்து நிமிடம் எல்லோரும் சேர்ந்து பருந்தும் கோழிக்குஞ்சும் போன்ற ஓர் ஓட்டம். அதன்பின் ஆறு ஆறு பேராகப் பிரித்து ஆறு இடங்களில் நிறுத்துங்கள்: ஓரிடத்தில் பாண்டி, ஓரிடத்தில் சுவர் வட்டத்தில் பை எறிதல், ஓரிடத்தில் கயிறு தாண்டுதல், ஓரிடத்தில் கோட்டின் மேல் நடத்தல், ஓரிடத்தில் செங்கற்களுக்கு நடுவே பந்தைக் காலால் தள்ளிப்போதல், கடைசி இடத்தில் இளைப்பாறித் தண்ணீர் குடித்தல். நான்கு நிமிடத்துக்கு ஒரு விசில், எல்லோரும் அடுத்த இடத்துக்கு நகர வேண்டும். இருபத்துநான்கு நிமிடத்தில் எல்லாப் பிள்ளையும் எல்லாவற்றையும் செய்திருக்கும். எட்டு நிமிடம் பொது ஆட்டம். கடைசி மூன்று நிமிடம் மூச்சை ஆற்றிக்கொண்டு வரிசையாக வகுப்புக்குத் திரும்புதல்.

‘அவுட்’ ஆனவர் உட்கார வேண்டும் என்ற ஆட்டங்களைத் தவிருங்கள், அல்லது விதியை மாற்றுங்கள். முதலில் அவுட் ஆகும் பிள்ளைதான் ஓட்டம் அதிகம் தேவைப்படும் பிள்ளை. அதை மரத்தடியில் உட்காரவைத்துவிட்டு, நன்றாக ஓடுபவனை மேலும் ஓடவிடுகிறோம். அவுட் ஆனவர் பத்து முறை குதித்துவிட்டு மீண்டும் சேரலாம் என்று மாற்றினால் ஆட்டமும் கெடாது. நீண்ட வரிசையில் நின்று தன் முறைக்காகக் காத்திருப்பதும் இதே வகைத் தவறு.

குத்துச்சண்டை கற்றுத் தரலாமா?

சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்ற குத்துச்சண்டைப் பரம்பரைகளின் பெயரைக் கேட்டே வளர்ந்த பகுதியில் இந்த ஆசை இயல்பானது. கால் வைப்பு, கயிறு தாண்டல், நிழலோடு குத்துதல், சமநிலை ஆகிய எல்லாவற்றையும் தாராளமாகக் கற்பிக்கலாம்; சிறுவர்களுக்கு இதைவிடச் சிறந்த உடற்பயிற்சி குறைவு. ஒருவரையொருவர் அடிப்பது தொடக்கப் பள்ளியில் வேண்டாம். தலையில் விழும் அடியின் விளைவு வளரும் மூளைக்கு நல்லதல்ல. சிலம்பத்துக்கும் இதே விதிதான்: கம்பைச் சுழற்றலாம், மோத வேண்டாம்.

வெயிலிலும் மழையிலும் புகையிலும் எப்படி நடத்துவது?

காலை உணவுத் திட்டத்தில் சாப்பிட்ட உடனே ஓடவிடாமல் அரை மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். அதன்பிறகு பத்தரை மணிக்குள், அல்லது மாலை மூன்று மணிக்குமேல் கடல்காற்று எழுந்தபின் என்று நேரத்தை வகுத்தால் மார்ச்சிலும் ஜூனிலும் தாங்கும். தலைசுற்றல், வாந்தி, வியர்வை நின்றுபோதல் ஆகியவை தெரிந்தால் நிழலுக்குக் கொண்டுபோய், உடலை நனைத்து, 108 ஐ அழையுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை முற்றத்தில் தண்ணீர் நிற்கும். வடிந்தபின்னும் பாசி வழுக்கும். அந்த வாரங்களுக்கென்று வகுப்பறைக்குள் நின்ற இடத்திலேயே செய்யும் பயிற்சிகளும் யோகாவும் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் கணக்குப் பாடம் காத்துக்கொண்டிருக்கிறது.

காற்று, நம் பகுதிக்கே உரிய கவலை. மணலியில் காற்றுத் தரத்தை அளக்கும் நிலையம் இருக்கிறது. அதன் அளவீட்டை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் செயலியில் பார்க்கலாம். குறியீடு 200 ஐத் தாண்டினால் ‘மோசம்’ என்று பொருள். அன்று ஓட்டத்தை விட்டுவிட்டு மெதுவான பயிற்சிகளை உள்ளே செய்யுங்கள். கொடுங்கையூர் குப்பைமேட்டில் தீப்பிடித்த நாளில் எந்தச் செயலியும் பார்க்க வேண்டியதில்லை, மூக்கே சொல்லிவிடும். இளைப்பு (ஆஸ்துமா) உள்ள பிள்ளைகளின் பெயர் ஆசிரியரிடமும் பயிற்றுநரிடமும் இருக்க வேண்டும். அவர்களின் இன்ஹேலர் பூட்டிய பீரோவில் இருக்கக் கூடாது.

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள், பெண் பிள்ளைகள்?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் (2016) விளையாட்டிலும் சம வாய்ப்பைக் கேட்கிறது. பார்வை குறைந்த பிள்ளைக்குப் பந்தை பிளாஸ்டிக் பையில் சுற்றினால் உருளும் சத்தம் கேட்கும். சக்கர நாற்காலியில் உள்ள பிள்ளையை ஸ்கோர் எழுத மட்டும் வைக்காமல், எறியும் இடத்தில் எல்லோரோடும் சேர்த்துவிடுங்கள். காது கேளாத பிள்ளைக்கு விசிலோடு கொடியும் வேண்டும். சிறப்பாசிரியர் பள்ளிக்கு வரும் நாளையும் விளையாட்டு நாளையும் ஒன்றாக வைத்துக்கொண்டால் பயிற்றுநர் அவரிடமே கேட்டுக் கற்கலாம்.

பெண் பிள்ளைகளுக்கு முக்கியமான தடை உடையும் கழிப்பறையும்தான். விளையாட்டு நாளில் பாவாடைக்குப் பதிலாகச் சுடிதாரோ கால்சட்டையோ அணியலாம் என்று பள்ளி சொல்லிவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். அந்த ஒரு வரிச் சுற்றறிக்கையை வாங்க எங்களுக்கு ஏழு மாதம் ஆயிற்று.

திறமையான பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து அணி அமைக்கலாமா?

மாலையில் தனியாகச் செய்யுங்கள், பி.டி. பீரியடில் செய்யாதீர்கள். கால்பந்து மன்றத்திலிருந்து வருபவரின் கண் இயல்பாகவே பதினொரு பையன்களைத் தேடும். அது அவருடைய தொழில். மீதி இருபத்தைந்து பேர் எல்லைக் கோட்டுக்கு வெளியே கைதட்டிக்கொண்டு நிற்பார்கள். கோப்பை வந்தால் பள்ளிக்கும் மகிழ்ச்சிதான், ஆனால் அந்த இருபத்தைந்து பேருக்காகத்தான் இந்த வகுப்பே இருக்கிறது.

பலன் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மத்திய அரசின் கேலோ இந்தியா விளையாட்டுத் திட்டத்தின் உடற்தகுதி மதிப்பீட்டில் 5 முதல் 8 வயது வரையுள்ளவர்களுக்கு உயர எடை விகிதம், ஒற்றைக் காலில் நிற்கும் ஃபிளமிங்கோ சோதனை, இரண்டு தட்டுகளை மாறிமாறி 25 சுற்று தட்டும் சோதனை ஆகியவை மட்டுமே உள்ளன. 9 வயதுக்கு மேல் ஓட்டமும் வளைவுத் திறனும் வயிற்றுத் தசை வலுவும் சேரும். ஜூலையில் ஒருமுறையும் பிப்ரவரியில் ஒருமுறையும் எடுத்தால் போதும். பிள்ளையின் எடையை மற்றவர் காதுபட வாசிக்காதீர்கள்.

இதைவிட எளிய அளவு ஒன்றை நான் நம்புகிறேன். திடலின் ஓரத்தில் நின்று, ஏதாவது ஒரு பிள்ளையை மட்டும் பத்து நிமிடம் பாருங்கள். நன்றாக ஆடும் பிள்ளை வேண்டாம். அது எத்தனை நிமிடம் அசைந்தது, எத்தனை முறை பந்தைத் தொட்டது என்று எழுதுங்கள். எங்கள் முதல் கணக்கில் ஒரு பெண் பிள்ளை பத்து நிமிடத்தில் பந்தை ஒருமுறைகூடத் தொடவில்லை. வகுப்பு அருமையாக நடக்கிறது என்று அன்றைக்குத்தான் நாங்கள் பாராட்டிப் பேசியிருந்தோம்.

பயிற்றுநர் பாதியில் நின்றுவிட்டால்?

நிற்பார், அதை எதிர்பார்த்தே தொடங்குங்கள். கல்லூரி மாணவருக்குத் தேர்வு வரும், மன்றத்து இளைஞருக்கு வேலை கிடைக்கும், நிறுவனத்தின் நிதியாண்டு முடியும். அதனால்தான் வகுப்பாசிரியர் ஓரமாக நாற்காலி போட்டு உட்காராமல், முதல் மாதத்திலிருந்தே ஆறு இடங்களில் ஒன்றைத் தாமே நடத்த வேண்டும் என்று தீர்மானத்திலேயே எழுதச் சொல்கிறோம். ஒவ்வொரு வகுப்புக்குப் பின்னும் என்ன ஆட்டம், எது சரிவரவில்லை என்று இரண்டு வரி எழுதிவைக்கும் நோட்டு ஒன்று பள்ளியிலேயே இருக்க வேண்டும். அடுத்து வருபவர் அதைப் படித்துவிட்டு அங்கிருந்து தொடரலாம். விளையாட்டுப் பொருள் இருக்கும் பீரோவின் சாவி இரண்டு பேரிடம் இருக்கட்டும், அவர்களில் ஒருவர் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையாக இருக்கட்டும்.